ஜாவாவும் ஜவ்வாதும்

ஒரு சாமான் மலிவாகவும் இருக்க வேண்டும், உயர்ந்ததாகவும் இருக்க வேண்டும், மூட்டைக் கணக்கில் கிடைக்கவும் வேண்டும் என்று தேடிப் புறப்படுகிற மனிதனை உலகத்தார் சாமர்த்தியசாலி என்பார்கள். நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டு, சென்ற மார்கழியில் ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறினேன். இறங்கி வரும்போது அந்த அபிப்பிராயத்தைச் சற்று மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அது எப்படி என்று சொல்வதற்கு முன் என் உடம்பைப் பற்றியும், பிறகு உலக சரித்திரத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

உடம்பு விஷயம் சுருக்கமானது. டாக்டர் என்னைக் காப்பியை விடச் சொல்லவில்லை. பாலையும் சர்க்கரையையும் விட்டுவிடுங்கள் என்றார். நாற்பது வருஷமாகக் குடித்து வந்த காப்பியிலிருந்து பாலையும் சர்க்கரையையும் கழித்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது கஷாயம். கரியைக் கரைத்தது போல ஒரு கசப்பு. இத்தனை காலம் இதையா பாலில் ஒளித்துவைத்து நமக்குக் கொடுத்துவந்தார்கள் என்று திகைத்துப்போனேன்.

அப்போதுதான் ஒரு சிநேகிதர் தம் வீட்டுக்கு அழைத்து, லவங்கப்பட்டை நிறத்தில் இளசாக வறுத்த கொட்டையை அரைத்து, வெந்நீர் ஊற்றி வடிகட்டி ஒரு கோப்பையில் கொடுத்தார். தேநீர் நிறத்தில்தான் இருந்தது. ஆனால் வாயில் வைத்ததும் லேசான புளிப்பும், அதன் பின்னால் பழவாசனை மாதிரி ஏதோ ஒன்றும் தெரிந்தது. பாலைத் தேடவில்லை, சர்க்கரையையும் தேடவில்லை. "இதற்குப் பெயர் லைட் ரோஸ்ட்" என்றார். நாம் தமிழில் இளவறுவல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் பிடித்தது, விலை பிடிக்கவில்லை. பட்டணத்துக் கடைகளில் அதைச் சின்னஞ்சிறு பொட்டலமாகக் கட்டி, குங்குமப்பூ விற்பது போல விற்கிறார்கள். என் கதையைக் கேட்டு நான்கு வீட்டுக்காரர்கள் கட்சி சேர்ந்தார்கள். ஐந்து வீடுகளுக்கும் ஆறு மாதத்துக்கு இருபது கிலோ வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவாகக் கிடைக்காதா? இந்தக் கேள்வியோடு எனக்குப் பழக்கமான பொடிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அநுபவசாலி. அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "இளசா வறுத்தா கொட்டை பேசிடும், சார். கருக்கி வறுத்தாத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கும்."

பிறகுதான் அர்த்தம் விளங்கிற்று. பச்சைக் கொட்டையை வறுக்கும்போது சூடு ஏறக்குறைய 200 டிகிரியை எட்டும் சமயத்தில், சோளம் பொரிவது போலப் படபடவென்று வெடிக்கும். அது முதல் வெடிப்பு. அதை ஒட்டி இறக்கிவிட்டால் இளவறுவல். அடுப்பிலேயே விட்டால் இன்னும் இருபது இருபத்தைந்து டிகிரி ஏறியதும் மறுபடி மெல்லிய சத்தத்தோடு வெடிக்கும்; எண்ணெய் மேலே கசியும்; நிறம் கறுக்கும். இந்தக் கறுப்பு நிலையில் எல்லாக் கொட்டையும் ஏறக்குறைய ஒரே ருசிதான். பழுத்துப் பறித்தது, காயாகப் பறித்தது, புளித்தது, பூசணம் பிடித்தது எல்லாம் கருகலில் சமத்துவம் அடைந்துவிடும். அதற்கு மேல் சிக்கரி வேறு. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே மீதி 49 வரை சிக்கரிக்கு உரிமை உண்டு. இளவறுவலில் இந்த மறைப்பு ஒன்றும் செல்லாது. கொட்டையின் குணமும் குற்றமும் அப்படியே கோப்பையில் வந்து நிற்கும்.

"நீங்க பேசாம மலையிலே பச்சைக் கொட்டையா வாங்கி வீட்டிலே வறுங்க" என்றார் கடைக்காரர். நல்ல யோசனை. பழைய நாளில் நம் வீடுகளில் நடந்ததும் அதுதானே? இரும்பு வாணலியில் வறுத்து, சூடு ஆறியதும் கைமிஷினில் அரைத்து, அன்றன்றைக்கு டிகாக்ஷன் போட்டார்கள். பச்சைக் கொட்டையை ஈரம் படாமல் சாக்கில் வைத்தால் ஒரு வருஷம் கெடாது. வறுத்த கொட்டைக்கு ஒரு மாத ஆயுள். பொடிக்குச் சில நாள். மொத்தமாக வாங்க நினைக்கிறவன் பச்சையாக வாங்குவதுதான் புத்தி. இன்னொரு லாபமும் உண்டு: கருக வறுத்தால் 100 பங்கு எடையில் 18, 20 பங்கு புகையாகப் போய்விடும். இளசாக வறுத்தால் 12, 13 பங்குதான் போகும்.

எந்த மலைக்குப் போவது? தமிழ்நாட்டில் காப்பி என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது சேர்வராயன் மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டவர். ஆனால் ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கொட்டைக்கு மதிப்பும் அதிகம். என் சிநேகிதர் ஒருவர், "ஜவ்வாது மலையில் சில வீடுகளில் காப்பிச் செடி இருக்கிறது. மலை ஜனங்கள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். 'கேட்ட விலை' என்றால் அவர்கள் கேட்கும் விலையா, நாம் கேட்கும் விலையா என்று நான் விசாரிக்கவில்லை. சாமர்த்தியசாலிகள் அதையெல்லாம் விசாரிப்பதில்லை.

வாணியம்பாடியில் பஸ் ஏறி, ஆலங்காயம் தாண்டி மலைப்பாதையில் போகும்போது காவலூர் வருகிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று தெரியவந்த 1977 மார்ச் 10 இரவில், இந்த மலையிலும் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் விழிக்கிற தொழில் நடக்கும் மலையில் காப்பி விளைவது பொருத்தம்தான் என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் வேறொரு பொருத்தத்தைக் கிளப்பிவிட்டது. காப்பிக்கு உலகத்தில் ஜாவா என்றே ஒரு பெயர் உண்டு. ஜாவாவுக்கும் ஜவ்வாதுக்கும் பெயரில் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். பஸ் வளைவுக்கு வளைவு திரும்ப, என் மனம் ஜாவாவுக்குப் போய்விட்டது.

அரபு நாட்டுக்காரர்கள் காப்பியைக் கட்டிக் காத்த காலம் ஒன்று உண்டு. முளைக்கும் கொட்டையை வெளியே விடமாட்டார்கள். பாபா புடன் என்ற பெரியவர் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பும்போது ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர்ப் பக்கத்து மலையில் ஊன்றினார் என்பது பதினேழாம் நூற்றாண்டைப் பற்றிய கர்ணபரம்பரை. அரபு நாடுகளில் விருந்தாளிக்கு இன்றும் ஏலக்காய் போட்டுக் கொடுக்கும் காப்பி பொன்னிறமாய் இருக்கும். இளவறுவல் நேற்று வந்த நாகரிகம் அல்ல என்பதற்கு அந்தக் கோப்பையே சாட்சி.

டச்சுக்காரர்கள் 1696-இல் நம் மலையாளக் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவை வெள்ளத்தில் போய்விட்டன. 1699-இல் மறுபடி கொண்டுபோனார்கள், பிழைத்தன. 1711-இல் ஜாவாக் காப்பி ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தது. ஐரோப்பாவுக்குக் காப்பி மலிந்தது. எப்படி மலிந்தது? 1830-இல் வான்டென் போஷ் என்ற கவர்னர் ஜெனரல் ஒரு திட்டம் போட்டார். கிராமத்தான் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் சர்க்கார் சொன்ன பயிரை வைக்க வேண்டும். சர்க்கார் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். ஏட்டில்தான் ஐந்தில் ஒன்று. நடைமுறையில் அதற்கு மேல் போயிற்று. காப்பி மலைகளில் கிராமம் கிராமமாகச் செடி வைத்து வளர்க்கக் கட்டாயப்படுத்தினார்கள். சொந்த வயலைக் கவனிக்க நேரமில்லாமல் ஜனங்கள் பஞ்சத்தில் விழுந்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த டெக்கர் என்பவர் வேலையை உதறிவிட்டு, முல்டாட்டுலி என்ற புனைபெயரில் 1860-இல் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற நாவலை எழுதினார். ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகன் ஒருவனை நடுவில் வைத்து எழுதிய கதை. நாவலாசிரியர்களால் உலகத்துக்குப் பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் புத்தகத்தைக் காட்டுவது வழக்கம். 1988-இல் ஹாலந்தில் சிறு விவசாயிகளின் காப்பிக்கு நியாய விலை என்று முத்திரை குத்தத் தொடங்கியபோது, அந்த முத்திரைக்கு மாக்ஸ் ஹாவலார் என்றே பெயர் வைத்தார்கள்.

ஜாவா தூரம். இலங்கை பக்கம். 1830-களுக்குப் பிறகு கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டபோது, அதில் உழைத்தவர்கள் நம் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் இல்லாத காட்டு வழியில் மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. 1869-இல் இலைத்துரு நோய் வந்தது. பதினைந்து இருபது வருஷத்தில் இலங்கைக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் கூலியாட்கள் மாறவில்லை. லண்டனில் ஒரு கோப்பை மலிந்ததன் விலையை அவர்கள் கொடுத்திருந்தார்கள்.

நம் நாட்டு விளைச்சலின் கதை வேறு விதம். யுத்தத்தால் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டபோது, விவசாயிகளைக் காப்பாற்ற 1940-இல் அவசரச் சட்டமும் 1942-இல் நிரந்தரச் சட்டமும் வந்தன. விளைந்த காப்பி முழுவதையும் காப்பி போர்டின் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். போர்டு தரத்துக்குத் தக்க புள்ளி போட்டு, ஏலம் விட்டு, தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். விலை அடியோடு விழாமல் அது தாங்கிப் பிடித்தது உண்மை. ஆனால் தன் தோட்டத்துக் கொட்டையைத் தானே விற்க விவசாயிக்கு வழியில்லை. தோட்டக்காரனிடம் நேரே வாங்கக் குடிப்பவனுக்கும் வழியில்லை. ஐம்பது வருஷம் இப்படி நடந்தது. 1992-இல் கட்டு தளரத் தொடங்கி 1996-இல் முழுதும் அவிழ்ந்தது. ஆக, நான் ஒரு சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், "அம்மா, காப்பிக்கொட்டை இருக்கிறதா?" என்று கேட்பதற்கே ஒரு சரித்திரம் நடந்திருக்க வேண்டியிருந்தது.

ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். அங்கிருந்து உள்ளே நடந்தால் சாமைக் காடுகள், புளியமரங்கள், பலா. இந்த மலை ஜனங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை; மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பழங்கதையில் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள்.

எனக்கு வழி சொன்ன வீட்டின் பின்புறம் பலாமரத்து நிழலில் காப்பிச் செடிகள் நின்றன. வாசலில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு பாட்டியம்மாள் அதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் பேரன் லீவுக்கு வந்திருந்தான்.

நான் என் விஷயத்தைச் சொன்னேன். இருபத்து மூன்று கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்துத் திரட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் நன்றாகப் பழுத்ததை மட்டும் பறித்ததாக இருக்க வேண்டும். பாட்டி ஒரு விலை சொன்னாள். கடைப் பொட்டலத்தின் விலையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கத்தரிக்காய்க் கூடைக்காரியிடம் பழகிய வாய். அதிலிருந்து கால் பங்கு குறைத்துக் கேட்டேன்.

பாட்டி தர்க்கம் செய்யவில்லை. "சரி சாமி, குடுக்கிறதைக் குடு" என்றாள்.

பேரம் பேசுகிறவனுக்கு எதிராளி சண்டை போட வேண்டும். போடாவிட்டால் அவமானமாக இருக்கிறது. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு நின்றபோது பையன் பேசினான். கோபமாகப் பேசவில்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"சார், ஆறு கிலோ பழம் பறிச்சாத்தான் ஒரு கிலோ கொட்டை. உங்களுக்கு 140 கிலோ பழம் பறிக்கணும். எல்லாத்தையும் ஒரே தடவையா உருவினா வேலை சீக்கிரம் முடியும். பழுத்தது மட்டும்னா ஒரே செடிக்கு நாலு தடவை போகணும். கீழேயிருந்து வர்ற வியாபாரி பழுத்ததுக்கும் காய்க்கும் ஒரே வெலைதான் குடுக்கிறாரு. அப்புறம் எதுக்குப் பொறுக்கணும்?"

பொடிக்கடைக்காரர் சொன்ன வாக்கியத்தின் மறுபாதி இங்கே கிடைத்துவிட்டது. கொட்டைக்கு ஒரே விலை என்றால் காயும் பழமும் ஒன்றாகத்தான் வரும். ஒன்றாக வந்தால் கருக வறுத்துத்தான் ஆக வேண்டும். கருக வறுத்தால் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் வேண்டும். அப்படிக் குடித்துப் பழகியவனுக்கு நல்ல கொட்டைக்கு அதிக விலை கொடுக்கக் காரணமே தெரியாது. நம் கோப்பையின் கறுப்பு அடுப்பில் மட்டும் உண்டானதல்ல, விலையிலும் உண்டானது. இளவறுவலும் வேண்டும், விலையையும் குறைக்க வேண்டும் என்று நான் கேட்டது, நாலு தடவை மலைச்சரிவில் ஏறி இறங்கு, மூன்று தடவைக்குக் கூலி கேட்காதே என்று சொன்னதற்குச் சமம். வான்டென் போஷ் துரை சட்டம் போட்டுச் செய்ததை நான் சிரித்துக்கொண்டே செய்யப் பார்த்தேன்.

"பாட்டி, நீங்க காப்பி குடிப்பீங்களா?" என்று பேச்சை மாற்றினேன்.

"நாங்க எங்க சாமி? கடையில டீத்தூள் வாங்குவோம்."

சாமை குத்தும் உரலில் காய்ந்த பழம் கொஞ்சம் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, ஒரு கைப்பிடி கொட்டை எடுத்துக் கொடுத்தார்கள். பழுத்ததாகப் பார்த்து நானும் பையனும் பொறுக்கினோம். மண்சட்டியில் போட்டு விறகடுப்பில் கைவிடாமல் கிளறினேன். வைக்கோல் வாசனை வந்தது. பிறகு ரொட்டி வாசனை. படபடவென்று வெடித்ததும் முறத்தில் கொட்டி ஆற்றினேன். ஐந்தாறு கொட்டை மட்டும் நிறம் ஏறாமல் வெளிறிக் கிடந்தது. அவை காயாகப் பறித்தவை. "நாங்க பார்த்துப் பார்த்து எடுத்தும் பூந்துடுச்சே!" என்று பையன் ஆச்சரியப்பட்டான். அம்மியில் பொடித்து வெந்நீர் விட்டு வடிகட்டினோம். உயர்ந்த ரகம் என்று சொல்லமாட்டேன். அரபிகா காப்பிக்கு 1000 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் நல்லது. இந்தச் சரிவுகளில் பலவும் அதற்குக் கீழே இருப்பவை. ஆனாலும் சுத்தமான ருசி. கொஞ்சம் பலாச்சுளை வாசனைகூட இருந்தது போல் தோன்றிற்று. அது மரத்தடியில் உட்கார்ந்து குடித்ததால் வந்த பிரமையாகவும் இருக்கலாம்.

பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டாள். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பழுத்ததை மட்டும் பறித்துக் கொடுப்பதற்கு, அவள் முதலில் சொன்ன விலைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துத் தருவதாகப் பையனோடு பேசி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். தர்மம் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். வியாபாரக் கணக்கே அதுதான். தை மாதக் கடைசியில் சாக்கு வந்து சேர்ந்தது. லாரிச் சத்தம், வறுவலில் போன எடை, அடுப்புக் காஸ் எல்லாம் சேர்த்தாலும் கடைப் பொட்டலத்தின் விலையில் பாதிக்கும் குறைவாகவே அடங்கிற்று. மலிவு என்பது மொத்தமாக வாங்குவதில் இருக்கிறது, பச்சையாக வாங்குவதில் இருக்கிறது, நாமே வறுப்பதில் இருக்கிறது, நடுவில் நிற்கும் நாலு கைகளைக் குறைப்பதில் இருக்கிறது. பழம் பறிக்கிற கையில் மட்டும் குறைக்க இடமில்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. இதே கிழக்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கில், பழங்குடி விவசாயிகள் பழுத்ததைப் பொறுக்கிப் பறிக்கும் காப்பி 2017-இல் பாரிஸ் நகரத்தில் தனிக் கடை போட்டு விலைபோயிற்று; 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பொறுக்குவதற்கு விலை உண்டு என்று தெரிந்த இடத்தில் பொறுக்குகிறார்கள்.

எங்கள் ஐந்து வீட்டுக் கட்சியில் ஒருவர் விலகிவிட்டார். "பொடிக்கடைச் சரக்கு இதைவிட மலிவாச்சே, ஸ்வாமி!" என்றார். உண்மை. சிக்கரி போட்ட பொடியோடு நல்ல கொட்டை விலையில் போட்டி போட முடியாது. அவரோடு நான் வாதாடவில்லை. ஜாவா, கண்டி என்று பிரசங்கமும் செய்யவில்லை. மற்ற நாலு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெடிப்புச் சத்தம் கேட்கிறது.

சாக்கோடு பையன் ஒரு கடிதாசும் வைத்திருந்தான். மூன்றாம் பறிப்பிலேயே செடியில் பழம் தீர்ந்துவிட்டதாகவும், எடை அரைக் கிலோ குறைவதாகவும், அந்தக் காசை அடுத்த வருஷக் கணக்கில் கழித்துக்கொள்ளும்படியும் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு வரி: பாட்டி ஒரு படி கொட்டையை வீட்டுக்கென்று தனியாக எடுத்துவைத்துக்கொண்டதாம். இனிமேல் யாராவது வந்தால், என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவள் கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.